லிஸ்பன் நாட்குறிப்பு: அந்தோனியார் பிறந்த ஊரில்

ஜூன் 10

லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் மெட்ரோ. சிவப்புத் தடத்தில் ஏறி, அலமெடாவில் பச்சைத் தடத்துக்கு மாறி, ரோஸியு சதுக்கத்தில் வெளியே வந்துவிட்டோம். வந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரைதான். கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களைப் பதித்துச் சதுக்கம் முழுக்க அலை அலையாக வரைந்திருக்கிறார்கள். 1849இல் போட்ட வடிவம் இது. தரை சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் கண் நம்ப மறுக்கிறது. காலை எடுத்து வைக்கப்போன அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "ஏலே, இது மேடா பள்ளமா?"

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயில். அவளோடு உவரிக்கோ புளியம்பட்டிக்கோ போகாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பதுவை அந்தோனியார் என்று நாம் சொல்கிறவர் இத்தாலியின் பதுவையில் இறந்தவர், பிறந்தது லிஸ்பனில். ஜூன் 13 அவருடைய திருநாள், அன்று லிஸ்பன் மாநகரத்துக்கே விடுமுறை. இதை ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். மறுவாரமே விசாவுக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

தங்கியிருப்பது மொரரியா பகுதியில். ஏழு குன்றுகளின் ஊர் என்று எல்லா வழிகாட்டியிலும் போட்டிருக்கிறது. ஏழுதானா என்று எண்ணிப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை; எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறிய களைப்பில் சாயங்காலம்வரை தூக்கம்.

இன்று போர்ச்சுகல் தினம். கவிஞர் கமோயிஸ் 1580இல் இறந்த நாளைத்தான் தேசிய நாளாக வைத்திருக்கிறார்கள். போரில் ஜெயித்த நாள், முடிசூட்டிய நாள் என்று எத்தனையோ இருக்க, கவிஞர் கண்ணை மூடிய நாளைத் தேர்ந்தெடுத்த நாடு. அதற்காகவே கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆறு மணிக்குமேல் ஆற்றங்கரைக்கு நடந்தோம். பிராசா டு கொமெர்சியு என்ற பெரிய சதுக்கம். மூன்று பக்கம் மஞ்சள் வண்ணக் கட்டடங்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரம். நாலாவது பக்கம் வெறும் தேஜோ ஆறு. ஆறு என்று சொல்லத்தான் ஆறு. அக்கரை மங்கலாகத் தெரிகிற அகலம், காற்றில் உப்பு வாடை. சதுக்கத்தின் ஓரத்தில் இரண்டு கல் தூண்கள், நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். ஒரு காலத்தில் மன்னர்களும் தூதர்களும் கப்பலிலிருந்து இறங்கிய துறை. இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நாங்களும் உட்கார்ந்தோம். ஜூனில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. அவ்வளவு நீளமான சாயங்காலத்தை என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

இரவுச் சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி என்று மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்காமல் வந்ததால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். தொட்டால் காசு. வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஜூன் 11

பெலெம். டிராம் 15 பிடித்து ஆற்றோரமாக மேற்கே போக வேண்டும்.

ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் படத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கும் நேரில் மூச்சு நிற்கும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மனுவேல் கட்ட ஆரம்பித்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைக் கடலிலிருந்தும் வந்த சரக்கில் இருபதில் ஒரு பங்கு இந்தக் கட்டடத்துக்குப் போனது. அந்த வரிக்கு மிளகின் பெயரையே வைத்திருந்தார்கள். உள்முற்றத்துத் தூண்களில் கப்பல் கயிறு முறுக்கு முறுக்காகக் கல்லில் ஓடுகிறது. முடிச்சுகள், பவளக் கொத்துகள், இலைகள், பூதங்கள். ஒரு தூண் மாதிரி இன்னொரு தூண் இல்லை. சுண்ணாம்புக் கல், வெயில் பட்டால் தேன் நிறம். மிளகு விற்ற காசை இவ்வளவு அழகாகச் செலவழித்திருக்கிறார்களே என்று ஒரு மனம் சொல்கிறது. யாருடைய மிளகு என்று இன்னொரு மனம் கேட்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் அங்கே நடக்க முடியும்.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் கமோயிஸ், எதிர்ப்பக்கம் வாஸ்கோ ட காமா. பளிங்கில் கைகூப்பிப் படுத்திருக்கிறார் காமா. கல்லறைப் பெட்டியின் பக்கத்தில் ஒரு கப்பல் செதுக்கியிருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்த மனிதர். அங்கே புனித பிரான்சிஸ் ஆலயத்தில் புதைத்து, 1539இல்தான் எலும்புகளை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொச்சியில் அந்த வெற்றுக் குழியைக் கம்பி வேலி போட்டுக் காட்டுகிறார்கள், நம்மில் பலர் பார்த்திருப்போம். அக்கா சற்று நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். "இந்த ஆளை வச்சு எத்தனை ஒரு மார்க் கேள்வி எடுத்திருப்பேன்." அப்புறம், "மக்காவுக்குப் போன யாத்திரைக் கப்பலை 1502ல எரிச்சது மட்டும் புத்தகத்துல வராது. நானாச் சொல்லிக் கொடுப்பேன்" என்றாள்.

வரிசை பற்றி ஒன்று. தேவாலயத்துக்குள் காசில்லாமல் போகலாம், உள்முற்றத்துக்குத்தான் டிக்கெட். இரண்டுக்கும் வரிசை நீளம். கதவு திறக்கும் முன்னே போய் நிற்பது ஒன்றுதான் வழி.

வெளியே வந்தால் மூக்கு தானாக ஒரு கடைக்கு இழுத்துப்போகும். 1834இல் மடாலயங்களை அரசு மூடியபோது, இங்கே துறவிகள் செய்துவந்த முட்டைப் பாகுத் தின்பண்டத்தின் செய்முறை பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கைமாறியது. 1837இலிருந்து பஸ்தெய்ஸ் டி பெலெம் என்று அதே இடத்தில் விற்கிறார்கள். வாசலில் நிற்கும் கூட்டம் பார்சலுக்கு. அதைத் தாண்டி உள்ளே போனால் நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, உட்கார இடம் கிடைக்கும். சுடச்சுட வருகிறது. ஓரம் பல்லில் பட்டதும் நொறுங்கி, நடுவில் மஞ்சள் கருவும் பாலும் சேர்ந்த பாகு, மேலே அங்கங்கே கருகிய புள்ளி. மேசையில் பட்டைத் தூள் குப்பி இருக்கும், தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். முட்டை வாடை அடிக்கும் என்று முகத்தைச் சுளித்த அக்கா இரண்டாவது தட்டுக்குக் கையைக் காட்டினாள்.

அடுத்து பெலெம் கோபுரம். 1514இல் ஆரம்பித்து ஐந்தாறு ஆண்டில் ஆற்று முகத்தில் எழுப்பிய காவல் கோட்டை. எல்லாரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் தேடிப் போனது மேற்குப் பக்கத்து மூலையில், காவல் மாடத்தின் அடியில் இருக்கும் ஒரு தலையை. காண்டாமிருகத் தலை. உப்புக்காற்று ஐந்நூறு வருடமாகத் தின்று மழுங்கிப் போயிருக்கிறது, கொம்பும் போய்விட்டது. சொன்னால்தான் தெரியும்.

அதன் கதை இது. குஜராத் சுல்தான் முசாபர் ஷா, கோவாவில் இருந்த ஆளுநர் அல்புகர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசளித்தார். அவர் அதை மன்னருக்குக் கப்பலேற்றினார். 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா பார்த்த முதல் காண்டாமிருகம். யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகை என்று பழைய ஏடுகளில் எழுதியிருந்தது அல்லவா, மன்னர் சோதித்துப் பார்த்தார். அரண்மனை முற்றத்தில் ஒரு குட்டி யானையை எதிரே கொண்டுவந்து நிறுத்த, யானை திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது. பிறகு மன்னர் அந்த மிருகத்தைப் போப்பாண்டவருக்கு அனுப்பினார். 1516 தொடக்கத்தில் இத்தாலிக் கரையோரம் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்தவும் வழியில்லை. ஜெர்மனியில் இருந்த ஓவியர் டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. யாரோ வரைந்து அனுப்பிய குறிப்பை வைத்து, கவசம் மாட்டிய மாதிரித் தோலும் முதுகில் ஒரு கூடுதல் கொம்புமாக அச்சுப்படம் செய்தார். ஐரோப்பா அதையே நிஜம் என்று ரொம்ப காலம் நம்பியது.

பக்கத்திலேயே கடலோடிகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில், 1960இல் கான்கிரீட்டில் எழுப்பியது, 56 மீட்டர் உயரம். எனக்கு ஒட்டவில்லை. அதில் நிற்கிற கூட்டத்தில் பிரான்சிஸ் சவேரியாரும் இருக்கிறார். 1541இல் இந்த ஆற்றிலிருந்து கப்பலேறி, மறு ஆண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அக்கா கண்டுபிடித்துக் கும்பிட்டாள். அவர் போய்ப் பன்னிரண்டு வருடத்தில் தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இதே லிஸ்பனில்தான் வந்தது: 1554 பிப்ரவரி 11. தமிழ் வாசகம், ஆனால் ரோமன் எழுத்து, கறுப்பும் சிவப்பும் மை. தமிழ் எழுத்துக்கு அச்சு வார்க்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது, அது நடந்தது நம் நாட்டில், கோவாவிலும் கொல்லத்திலும்.

இரவு ஒரு சின்னக் கடையில் ஃபாடோ என்ற இந்த ஊர்ச் சோகப் பாட்டைக் கேட்டோம். விளக்கைக் குறைத்தார்கள், மைக் கிடையாது, கரண்டிச் சத்தம்கூட நின்றது. பன்னிரண்டு தந்திக் கிதார் அழ, பாடியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு சொல் புரியவில்லை. பக்கத்து மேசைக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 12

காலையில் பைஷா. ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கும் ரோஸியுவுக்கும் நடுவே, நூல் பிடித்த மாதிரித் தெருக்கள். சுற்றிலும் சந்தும் வளைவுமாக இருக்கிற ஊரில் இது மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கு? பதில் 1755 நவம்பர் 1.

சகல புனிதர்கள் திருநாள், காலை ஒன்பதரை மணி தாண்டி, ஊரே கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்த நேரம். நிலம் நிமிடக்கணக்கில் ஆடியது. கோயில்கள் தலைமேல் விழுந்தன. தப்பித்து வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள்மேல் சற்று நேரத்தில் கடல் ஏறி வந்தது. திருநாள் மெழுகுவத்திகளும் அடுப்புகளும் கவிழ்ந்து பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றோரம் நின்ற அரண்மனையும் அதன் நூலகமும் போயின. 2004 டிசம்பரில் நம் கரைக்குச் சுனாமி வந்தது ஒரு ஞாயிறு, அதுவும் காலைப் பூசை வேளை, அதுவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அக்காவும் நானும் அதைப் பேசவில்லை, ஆனால் இருவருக்கும் ஓடியது அதுதான்.

மன்னர் ஜோசேவுக்கு அதற்குப் பிறகு கல் கூரை என்றாலே நடுக்கம். மேட்டில் மரத்தாலும் துணியாலும் அமைத்த கூடார அரண்மனையிலேயே மிச்சக் காலத்தைக் கழித்தார். ஊரை நிமிர்த்தியவர் அமைச்சர் போம்பல். அவர் செய்ததில் இரண்டு காரியம் எனக்கு வியப்பு. நாட்டின் ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்: ஆட்டம் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா ஏறியதா, பின்னதிர்வு எத்தனை? தெய்வ தண்டனை என்று பாதிரிகள் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில் கேட்ட கேள்விகள் இவை. நிலநடுக்க ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். இன்னொன்று, புதிய வீடுகளின் சுவருக்குள் குறுக்குச் சட்டம் போட்ட மரக்கூடு வைத்துக் கட்டச் செய்தது. நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், வீடு நிற்கும். மாதிரி செய்து, சுற்றிலும் படைவீரர்களைத் தரையதிர நடக்கவிட்டுச் சோதித்தார்கள். பைஷாவில் நீங்கள் காபி குடிக்கிற கடைச் சுவருக்குள்ளும் அந்தக் கூடு இருக்கலாம். தெருவுக்குத் தொழிலின் பெயர்: பொற்கொல்லர், வெள்ளி, செருப்புத் தைப்பவர், துணி வணிகர்.

மேலே ஏறினால் கார்மோ மடம். அன்று கூரை விழுந்தது. திரும்பக் கட்ட ஆரம்பித்து, 1834இல் மடங்களை மூடியதோடு வேலை நின்றது. அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே போனால் வரிசையாகக் கோதிக் வளைவுகள், அவற்றுக்கு மேலே நீல வானம், தரையில் புல், பறக்கிற புறா. லிஸ்பனில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஜெரோனிமோஸைக்கூட விட்டுவிட்டு இங்கே வருவேன்.

கார்மோவுக்கு வெளியே சின்னச் சதுக்கம், ஜக்கரண்டா மரங்கள், தரையெல்லாம் ஊதாப் பூ. பக்கத்தில் காவல்படைத் தலைமையகம். 1974 ஏப்ரல் 25 அன்று, சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் கயத்தானு ஓடி ஒளிந்தது இங்கேதான். அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கினியாவிலும் முடிவில்லாமல் போர் செய்து சலித்துப்போன இளம் அதிகாரிகள் கவச வண்டிகளோடு சதுக்கத்தை வளைத்தார்கள். மக்கள் வீட்டுக்குள் இருக்கும்படி வானொலியில் சொல்லச் சொல்ல, எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். உணவகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் கையிலிருந்த கார்னேஷன் பூக்களைச் சிப்பாய்களுக்குக் கொடுக்க, அவர்கள் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டார்கள். சாயங்காலம் கயத்தானு சரணடைந்தார். 48 வருடச் சர்வாதிகாரம் ஒரே பகலில் முடிந்த சதுக்கத்தில் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டியதில்லை.

இறங்கும் வழியில் ஒருவர் நடைபாதையைச் சரிசெய்துகொண்டிருந்தார். முக்காலியைவிடத் தாழ்வான ஒரு பலகையில் உட்கார்ந்து, இடக்கை உள்ளங்கையில் கல்லை வைத்து, வலக்கைச் சுத்தியலால் ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு. ஓரம் தெறித்து கல் கனசதுரமாகிவிடுகிறது. பள்ளத்தில் வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை இடிக்கிறது என்று எடுத்து மறுபடி ஒரு தட்டு. அடியில் கல்தூள்தான், சிமெண்டு இல்லை. மழைநீர் இடுக்கு வழியாக மண்ணுக்குள் போய்விடும். இந்த வேலையைக் கற்றுத்தர மாநகராட்சி 1986இலிருந்து ஒரு பள்ளியே நடத்துகிறது. பார்க்க அழகு, மழையில் நடந்தால் வழுக்கும். தேய்ந்த செருப்போடு வர வேண்டாம்.

இரவுதான் விஷயமே. இன்று அந்தோனியார் திருநாளுக்கு முந்தின இரவு. ஊரின் ஒவ்வொரு பேட்டையும், அல்ஃபாமா, மொரரியா, பீக்கா, மத்ராகோவா என்று, தனித்தனிக் குழுவாக லிபர்டாடே நிழற்சாலையில் இறங்கி வருகிறது. காகித விளக்குத் தோரண வளைவுகளைத் தூக்கிக்கொண்டு, தங்கள் பேட்டையின் பெருமையைப் பாடிக்கொண்டு, தைத்துப் போட்ட உடுப்பில் ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக ஆட்டம். 1932இலிருந்து நடக்கும் போட்டி. எந்தப் பேட்டை ஜெயித்தது என்பது அடுத்த வருடம்வரை பேச்சு. பகலில் மாநகராட்சி நடத்திவைத்த கூட்டுத் திருமணத்தின் மணமக்களும் ஊர்வலத்தில் உண்டு, ஏனென்றால் இந்த ஊரில் அந்தோனியாருக்குக் கல்யாணம் முடித்துவைப்பதுதான் முக்கிய வேலை. நம் ஊரில் தொலைந்த சாவியைத் தேடித்தருகிறவர், இங்கே மாப்பிள்ளை தேடித்தருகிறார்.

பாதியில் கிளம்பி மொரரியாவுக்கு வந்துவிட்டோம். சந்தில் கால் வைக்க இடமில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் காகிதத் தோரணம், ஒலிபெருக்கி, ஒவ்வொரு வாசலிலும் கரியடுப்பு. புகையோடு சாளை வாசனை. தூத்துக்குடிக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூன் மாதச் சாளைக்குக் கொழுப்பு ஏறியிருக்கும். குடலைக்கூட எடுக்காமல் கல்லுப்பை மட்டும் போட்டுக் கம்பியில் வைக்கிறார்கள். தோல் வெடித்து எண்ணெய் கரியில் சொட்டும்போது குப்பென்று தீ ஏறுகிறது. எடுத்து ஒரு துண்டு ரொட்டிமேல் வைத்துக் கொடுப்பார்கள், தட்டு கிடையாது. கையால் பிட்டுத் தின்னத் தின்ன எண்ணெய் ரொட்டியில் இறங்கும். மீன் முடிந்ததும் அந்த ரொட்டியைத் தின்ன வேண்டும். உண்மையில் அதற்குத்தான் மீன். சுற்றி நின்ற வெளியூர்க்காரர்கள் முள்ளோடு போராடிக்கொண்டிருக்க, அக்கா வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் நடுமுள்ளை உருவிப் போட்டாள். அடுப்புப் பக்கம் நின்ற அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காசு வாங்காமல் இன்னொன்றை வைத்தாள்.

வழியெல்லாம் மன்ஜெரிக்கோ விற்கிறார்கள். துளசி இனம், பொடி இலை, தொட்டியில் பந்து மாதிரி அடர்ந்த செடி. அதில் ஒரு காகிதப் பூவும், நாலு வரிக் காதல் பாட்டு எழுதின குட்டிக் கொடியும் செருகியிருக்கும். பிடித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அக்கா குனிந்து மூக்கை வைக்கப்போனாள். விற்ற பெண் பதறிக் கையைப் பிடித்துவிட்டாள். மூக்கு வைத்து முகர்ந்தால் செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் மேலாகத் தடவி, கையை முகர வேண்டும். செய்து காட்டினாள். செய்தோம். மணி இரண்டு. தூங்க முயல்கிறேன், கீழே இன்னும் பாட்டு.

ஜூன் 13

பேராலயத்துக்கு முன்னால், கொஞ்சம் கீழே, அந்தோனியார் கோயில். சிறிய கோயில்தான். 1755இல் இடிந்து, 1767இலிருந்து திரும்பக் கட்டியது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வீட்டு வாசலில் குட்டிப் பீடம் ஜோடித்து வைத்து, அந்தோனியாருக்கு ஒரு காசு என்று போகிறவர் வருகிறவரிடம் கேட்பார்களாம். பீடம் வைக்கும் பழக்கம் இன்றும் அல்ஃபாமா வாசல்களில் இருக்கிறது. கோயிலுக்கு அடியில் நிலவறை. ஏறத்தாழ 1195இல் பெர்னாந்து என்ற பெயரில் அவர் பிறந்த வீடு இருந்த இடம் இதுதான் என்கிறார்கள். இறந்தது 1231, அடுத்த வருடமே புனிதர் பட்டம். அவரைப் பதுவைக்காரர் என்று சொன்னால் லிஸ்பன்காரர்கள் விடமாட்டார்கள்.

நிலவறைக்கு இறங்கப் பெரிய வரிசை. அக்கா அசராமல் நின்றாள். உவரியிலும் கச்சத்தீவிலும் கால் கடுக்க நின்றவளுக்கு இது பெரிய விஷயமா? கீழே போய் ஒரு வார்த்தை பேசாமல் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றாள். யார் யாருக்கெல்லாம் வேண்டினாள் என்று கேட்டேன். "பட்டியல் நீளம், நீ நடுவுல எங்கயோ வார" என்றாள். வெளியே சின்னச் சின்ன அந்தோனியார் ரொட்டி கொடுக்கிறார்கள். ஒன்றைத் தின்னாமல் வீட்டில் வைத்திருந்தால் வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் குறைவிராது என்பது நம்பிக்கை. காகிதத்தில் பொதிந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் சுரூபம் அல்ஃபாமாச் சந்துகளில் ஊர்வலம். முந்தின இரவுச் சாளைப் புகை இன்னும் சுவரில் இருக்கிறது, காலி பீர்க் கோப்பைகள் ஓரத்தில் கிடக்கின்றன, அதற்கு நடுவே பூவும் செபமுமாகப் புனிதர் போகிறார். மாடியிலிருந்து பெண்கள் இதழ்களை வீசினார்கள். பக்தி ஒரு பக்கம், கூத்து ஒரு பக்கம் என்று பிரித்து வைக்காத ஊர்.

அதற்கு முன்பு சான்டா லூசியா மேட்டில் கொஞ்ச நேரம். கீழே செங்கூரைகள், அப்பால் ஆறு. கோயில் சுவரில் நீல ஓட்டில் இரண்டு பெரிய படங்கள்: ஒன்று, நிலநடுக்கத்துக்கு முன் இருந்த அரண்மனைச் சதுக்கம், மற்றது, 1147இல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கேஸ் மூர் முஸ்லிம்களிடமிருந்து கோட்டையைப் பிடித்த சண்டை. இங்கிருந்து பார்த்தால் சான்டா எங்ராசியாவின் வெள்ளைக் குவிமாடமும் தெரியும். 1682இல் கட்ட ஆரம்பித்து 1966இல் முடித்தார்கள். முடிவுக்கு வராத வேலையை இந்த நாட்டில் சான்டா எங்ராசியா வேலை என்பார்களாம். நமக்குச் சொல்லவா வேண்டும்.

ஜூன் 14

ஊர் இன்று சோம்பலாக எழுந்தது. நாங்களும்தான். ஆனால் டிராம் 28க்கு மட்டும் விடியலில் போக வேண்டும். மார்ட்டிம் மொனிசில் ஏறினால் நின்றுகொண்டுதான் போகலாம், ஜேப்படிக்காரர்களும் அங்கேதான். மறுமுனையில், பிரசேரஸ் கல்லறைத் தோட்டத்து வாசலில், காலை ஏழு மணிக்கு ஏறினோம், ஜன்னலோரம் கிடைத்தது. உள்ளே மரப் பலகை, பித்தளைப் பிடி. தண்டவாளத்தின் அகலம் 90 சென்டிமீட்டர்தான், அதனால்தான் இந்தச் சந்துகளில் திரும்ப முடிகிறது. ஓரிடத்தில் கையை வெளியே நீட்டினால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம்.

பிறகு சுவர் ஓடுகளுக்கான அருங்காட்சியகம். ராணி லியோனோர் 1509இல் நிறுவிய கன்னியர் மடத்துக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 1700இல் செய்த லிஸ்பன் நகரத்தின் நீள்காட்சி ஒன்று, சுமார் 23 மீட்டர், நீலமும் வெள்ளையும். ஆற்றிலிருந்து பார்க்கிற மாதிரி அரண்மனை, கோயில்கள், துறைகள், படகுகள், கரையில் மீன் விற்கிறவர்கள்வரை ஓடு ஓடாக. விழுந்துபோன நகரத்தை இன்று முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கார்மோவை அதில் கூரையோடு கண்டுபிடித்ததும் அக்கா என் தோளில் தட்டினாள். சந்தையில் பழைய ஓடு விற்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பாதி, யார் வீட்டுச் சுவரிலிருந்தோ பெயர்த்தது.

மத்தியானம் உப்புக் கருவாட்டுக் கடையில் அரை மணி நேரம் போனது. பக்கல்யாவ், அதாவது காட் மீன். வடக்கே குளிர்கடல் மீன்; இந்தக் கரையில் அகப்படாததையே தேசிய உணவாக வைத்திருக்கிறார்கள். பலகை பலகையாக அடுக்கியிருந்ததில் ஒன்றை அக்கா தூக்கி, வளைத்து, முகர்ந்து, "நல்லாத்தான் காயப்போட்டிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றிச் சமைக்க வேண்டும். மெல்லிய உருளைக்கிழங்குக் குச்சியும் முட்டையும் சேர்த்துப் புரட்டியதை மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாக இருந்தது, ஒரு பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக, காய்ஸ் டு சோட்ரேயிலிருந்து அக்கரைக் கசில்யாஸுக்குப் படகு. வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் சாதாரணப் படகு, பத்து நிமிடம், டிக்கெட் ஒரு காபி விலையைச் சுற்றித்தான். பல மடங்கு காசு வாங்கும் உல்லாசப் படகுகள் காட்டுவதும் இதே காட்சியைத்தான். திரும்பும்போது மேல்பக்கம் நில்லுங்கள்: நகரம் மொத்தமும் படிப்படியாக முன்னால் எழும், இடப்புறம் செந்நிறத் தொங்குபாலம். 1966இல் திறந்தபோது அதற்குச் சலாசார் பெயர். புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 25 பாலம்.

சிந்த்ரா போகவில்லையா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. மலைமேல் வண்ண வண்ண அரண்மனை, படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூனில் போனால் பாதி நாள் பேருந்து வரிசையிலேயே கழியும் என்று விடுதிக்காரரே சொன்னார். இந்த ஊரின் சந்துகளிலேயே இன்னும் பாதி பாக்கி. நாளைக் காலை சான்டா அப்போலோனியாவிலிருந்து போர்த்தோவுக்கு ரயில், மூன்று மணி நேரம். அங்கே போய் எழுதுகிறேன்.